டைக் வீதியில் அறையை இறக்குதல்

சீட்டுக்காசை என்னைக் கேளாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்,
கூட்டாளியின் படகு எஞ்சினுக்கு.
பொலன்னறுவையில் அது தெரியவந்தது.
ஹபரணையில் இரண்டு தேத்தண்ணி,
ஆளுக்கொரு திசை பார்த்துக் குடித்தோம்.
கந்தளாய்க் குளம் வந்தது, போனது.
ஒருவரும் காட்டவில்லை ஒருவருக்கும்.

இப்போது பின்னேரம் நாலரை.
மதிலுக்கு அந்தப்பக்கம் டச்பே கடல்.
பிக்கப்பின் முதுகில் எங்கள் அறை:
தகரம், பலகை, இரண்டுபேர் படுக்க ஒரு மெத்தை,
ஒற்றை அடுப்பு, கதவாணியில் ஒரு குடை.
விடிய வண்டி கொட்பேக்கு ஐஸ் ஏற்றப் போகவேண்டும்.
அறை இன்றைக்கே இறங்கவேண்டும்.
இறக்க இரண்டுபேர் வேண்டும்,
அதுவும் பேசுகிற இரண்டுபேர்.

யோகலிங்கம் தாங்கியைத் திறந்துவிட்டார்.
மிச்சத் தண்ணீர் வண்டிக்கடியில் ஓடிப்போய்
ஒரு பள்ளத்தில் தேங்கியது.
காஸ் சிலிண்டரைத் திருகி மூடினார்.
பின்னாலேயே போய் நானும் ஒருமுறை திருகிப் பார்த்தேன்,
அவர் பார்க்கட்டும் என்றே.

மணல் நிலம்.
போன வருடம் ஒரு ஜக்கின் கால் புதைந்து
அறை கள்ளுக் குடித்த ஆள் மாதிரிச் சரிந்து
பக்கத்து மதிலில் கையூன்றி நின்றது.
அதிலிருந்து காலுக்கொரு பாலைப்பலகை.
பலகையை வைத்து, ஏறி நின்று மிதித்துப் பார்த்து,
அதன்பிறகுதான் ஜக்கு.

நாலு மூலைச் சங்கிலியும் கழற்றியாயிற்று.
இனித் தூக்கவேண்டும், நாலு காலும் ஒத்து.
முன்னுக்கு ஆறு சுற்று, பின்னுக்கு ஆறு சுற்று,
இடது நான், வலது அவர்.
எண்ணவேண்டும். வாய்விட்டு.

"ஒண்டு" என்றார்.
மூன்று மணித்தியாலத்தில் முதற்சொல்.
"ரெண்டு" என்றேன்,
ரெண்டைத் தாண்டாமல் மூன்று வராது என்பதால்.

தகரம் முனகியது.
தட்டுக்கும் அறைக்கும் நடுவில்
ஒரு கீற்றுக் கடல் தெரிந்தது.

நான் ஏறி எஞ்சினைப் போட்டேன்.
பக்கக் கண்ணாடியில் அவர் கை மட்டும்.
வா, வா. நேராய். கொஞ்சம் இடம்.
ஜக்குக்கும் சில்லு மூடிக்கும் இரண்டு விரல்.
அரையடி போயிருப்பேன்.
"நில்!"

பின்விளக்கு வயர். இன்னும் செருகினபடி.
இழுபட்டு, வீணைத்தந்தி மாதிரி.
அது கழற்றவேண்டியது நான்.
அவர் கழற்றினார்.
சொல்லியிருக்கலாம் ஏதாவது.
சொல்லவில்லை.
எனக்குத்தான் அது கூடுதலாய்ச் சுட்டது.

வண்டி வெளியே வந்தது.
கண்ணாடியில், வெறும் வெளியில்,
நாலு மெல்லிய காலில் எங்கள் படுக்கை.
கச்சான் காற்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
உயரத்தில் விடக்கூடாது, உடனே பதிக்கவேண்டும்.
ஹான்ட்பிறேக்கை இழுத்து இறங்கித் திரும்பினால்
அறைக்கடியில் இன்னும் நாலு கால்.

கோட்டைப் பக்கத்து மான்.
கொம்பு இரண்டு முழம்.
படலையைத் தாண்டி எப்போது வந்ததோ,
தேங்கின தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது
அறுநூறு கிலோவுக்குக் கீழே நின்று.

கல் எறியவேண்டாம் என்று கையால் காட்டினார்.
விரட்டினால் துள்ளும், கொம்பு ஜக்கில் படும்,
பிறகு மானுமில்லை, அறையுமில்லை.
உள்ளே போய் இழுத்து வரவும் ஏலாது.
தொங்குகிற பாரத்துக்கடியில் தலையை விடாதே,
அது எங்கள் முதற்சட்டம்.

மதிலோரம் குந்தினோம்,
அருகருகே, வேறு நிழல் இல்லாததால்.

"எவ்வளவு குடுத்தனீங்கள்?"
காற்றைவிடத் தாழ்ந்த குரலில் கேட்டேன்.
"எண்பது."
"எண்பதாயிரமா?"
அந்த வார்த்தையை மூச்சாலேயே கத்தினேன்.
மான் தலை தூக்கியது.
"மெல்ல" என்றார்.
"சிவராத்திரிக்கு முதல் தருவான்."
"எந்தச் சிவராத்திரிக்கு?"
மான் மறுபடி குனிந்தது.

வாழ்க்கையில் இவ்வளவு பெரிய தொகைக்கு
இவ்வளவு மெதுவாய் நான் சண்டைபிடித்ததில்லை.

குடித்து முடித்து,
முன்பக்கத்து இடது ஜக்கில் முதுகைச் சொறிந்து
(நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை)
அது கடற்கரைப் பக்கம் நடந்துபோனது.

பதித்தோம். ஆறு ஆறு சுற்றாய்,
முழங்கால் உயரத்துக்கு, அடியில் கட்டைகள் கொடுத்து.
எண்ணினது அவர். நான் தலையாட்டினேன்.
கையால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை.

மெத்தையை வீட்டுக்குள் எடுக்கவில்லை.
இன்றிரவு அவர் அதில்தான்.
இருட்டில் தடுக்கி விழாமல்
கதவடியில் படியைக் கொண்டுபோய் வைத்தேன்.